ஓட்டிசமுடையோரும் சட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

மன்னார்ப் பெருநிலப்பரப்பில், மாந்தை மேற்குப் பிரதேச செயலகப் பிரிவில், பெரியமடு என்னும் ஊர் இருக்கிறது. வயலும் குளமும் காடும் சூழ்ந்த ஊர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் ஒரு பகுதியினர், புத்தளப் பகுதியின் அகதிக் குடிசைகளிலே ஒரு தலைமுறைக் காலத்தைக் கழித்துவிட்டு, போர் ஓய்ந்தபின் திரும்பி வந்து குடியேறிய ஊர்களில் அதுவும் ஒன்று. இத்தகைய ஊர்களிலே ஒரு குடும்பத்தின் முழுச் செல்வமும் பெரும்பாலும் ஒரேயொரு தாளில் அடங்கிவிடுகிறது. அரசு வழங்கிய காணி அனுமதிப்பத்திரமே அந்தத் தாள்.

அங்கே ஒரு வீட்டை நாம் எண்ணிப் பார்ப்போம். வாப்பா முகாமிலேயே காலமாகிவிட்டார். அனுமதிப்பத்திரம் உம்மாவின் பெயரில் இருக்கிறது. மூத்த மகனுக்கு முப்பது வயது. அவர் பேசுவது அரிது. ஆட்டுக்கு எப்போது தண்ணீர் வைக்க வேண்டும், எந்தக் கதவு எந்த நேரத்தில் அடைபட வேண்டும் என்பவற்றில் ஒரு கணமும் பிசகமாட்டார். சந்தையின் இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவார். ஊரார் அவரை இன்னமும் 'பிள்ளை' என்றே அழைக்கின்றனர். மருத்துவம் அவரை ஓட்டிசமுடையவர் என்கிறது (தமிழகத்தார் ஆட்டிசம் என எழுதுவர்). சட்டம் அவரை என்னவென்று அழைக்கிறது? இந்த வினாவுக்கு விடை தேடப் புகுந்த நாம், பெரியமடுவிலிருந்து நெடுந்தூரம், ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுத் தூரம், பின்னோக்கிச் செல்ல வேண்டியதாயிற்று.

இம்மனிதரைச் சட்டம் முதன்முதலிற் கண்டது சொத்தின் வழியாகவே. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உரோமாபுரியில் எழுந்த பன்னிரு பட்டயச் சட்டம், மதி இழந்த ஒருவர்மீதும் அவருடைய பணத்தின்மீதும் அதிகாரத்தை அவருடைய தந்தைவழி உறவினருக்குக் கொடுத்தது. ஆளும் பணமும் ஒரே வாக்கியத்தில் வருவதைக் கவனிக்க வேண்டும். பணம் இல்லாத பைத்தியக்காரனைப் பற்றி அச்சட்டம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இந்த மரபிலிருந்து வளர்ந்ததே உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் பராமரிப்பாளர் முறை. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து மன்னார்க் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கறுவாவுக்கும் முத்துக்குமாக வந்தவர்களே எனினும், தம் சட்டத்தையும் கப்பலில் ஏற்றி வந்தனர்.

ஆங்கிலேயரின் மரபு இன்னும் வெளிப்படையானது. இடைக்கால இங்கிலாந்தில், மன்னனின் தனியுரிமைகளைத் தொகுத்துக் கூறிய ஒரு சட்டவாசகம் இரு வகையினரைப் பிரித்தது. ஒரு வகையினர் பிறவியிலேயே அறிவு குறைந்தோர் எனக் கருதப்பட்டவர். மற்றவர் இடையிலே மதி மாறியோர். பின்னவரின் நிலத்து வருவாய் அவருக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும் பேணப்பட வேண்டும். அவர் தெளிந்துவிடக் கூடுமல்லவா? முன்னவருக்கோ உணவும் உடையும் போதும். எஞ்சிய விளைச்சல் அரசனுக்கு! பிறவியிலேயே வேறாக இருந்தவர் என்றுமே வந்து கணக்குக் கேட்கமாட்டார் என்ற நம்பிக்கையிற் கட்டப்பட்ட நீதி இது. இன்று ஓட்டிசமுடையோர் எனப்படுவோரிற் பலரை அக்காலத்து நிலவுடைமைச் சட்டம் இம்முதல் வகையிலேயே சேர்த்திருக்கும் என்று கொள்ள இடமுண்டு.

இஸ்லாமியச் சட்டமரபிலும் 'ஹஜ்ர்' என்றொரு தடை உண்டு. தன் பொருளைப் பேணும் பக்குவம் இல்லாதவரின் கொடுக்கல் வாங்கலை அது கட்டுப்படுத்துகிறது. அதுவும் பொருள் பற்றிய விதியே. எனினும், அப்பொருளிலிருந்து அவரை ஊட்டி வளர்க்கும் கடமையும் அதனோடு சேர்ந்தே சொல்லப்பட்டது. அரசனுக்கு அதிற் பங்கில்லை.

இலங்கையில் இத்துறையின் முதன்மையான சட்டம் 1873ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் ஆங்கில முதலாளிகளுக்குப் பொன் கொழித்த காலம் அது. தெருவிலே வேலையின்றித் திரிவோரைத் தண்டிக்கும் சட்டம் 1841இலேயே வந்துவிட்டது. தெருவிலே மதியின்றித் திரிவோரை என் செய்வது என்பது அடுத்த வினா. சித்த சுவாதீனமற்றவர் என்று ஐயுறப்பட்டவரை மாவட்ட நீதிமன்றம் விசாரித்துக் காப்பகத்துக்கு அனுப்பும் முறையை இச்சட்டம் வகுத்தது. பின்னர் 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கை முறைக் கோவை, இத்தகையோரின் ஆதனத்தை நிருவகிக்க ஒருவரை நியமிக்கும் வழியைத் தனி அத்தியாயமாகச் சேர்த்தது. ஆக, ஏழைக்கு ஒரு வாசலும் உடைமையாளருக்கு இன்னொரு வாசலும் அமைந்தன. முன்னது காப்பகத்துக்குத் திறந்தது. பின்னது சொத்துக் கணக்குப் புத்தகத்துக்குத் திறந்தது. மனநோய்க் கட்டளைச் சட்டம் எனப் பெயர் மாறித் திருத்தங்கள் பெற்றபோதிலும், 1873இன் எலும்புக்கூடு மாறவில்லை. அங்கொடை மருத்துவமனை 1920களில் எழுந்தபோது அந்தச் சட்டத்தின் கீழேயே அதன் கதவுகள் திறந்தன, மூடின.

இச்சட்டங்கள் எல்லாவற்றிலும் மனிதருக்கு இரண்டே அறைகள் உள்ளன. ஒன்று சித்த சுவாதீனம் உள்ளவருக்கு, மற்றது அது அற்றவருக்கு. முதலறையில் இருப்பவருக்கு எல்லா உரிமையும் உண்டு. உதவி எதுவும் இல்லை. இரண்டாம் அறைக்குத் தள்ளப்பட்டவர் ஒப்பந்தமும் வழக்கும் வாக்கும் இழப்பார். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் சித்த சுவாதீனமற்றவர் எனச் சட்டப்படி தீர்மானிக்கப்பட்டவருக்கு வாக்குரிமை இல்லை என்றே கூறுகிறது. இரண்டு அறைகளுக்கும் இடையே ஒரு திண்ணை கூட இல்லை. நம் பெரியமடு மனிதர் நோயாளியல்லர், மதி மாறியவருமல்லர். ஆனால் துணையின்றி வங்கிப் படிவம் நிரப்பவும் அவரால் இயலாது. அவர் எங்கே நிற்பது?

இந்த இடைவெளியில் நிற்போருக்கு மருத்துவம் பெயர் வைத்ததே அண்மைக் காலத்தில்தான். 1925இல் சோவியத் மருத்துவர் குருன்யா சுகரேவா, தாம் மொஸ்கோவில் கண்ட ஆறு சிறுவர்களை மிக நுணுக்கமாக விவரித்தார். அடுத்த ஆண்டே அது ஜெர்மன் மொழியில் வெளிவந்தும் உலகம் அவரை மறந்துவிட்டது. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே தொடக்கம் என்று நெடுங்காலம் பாடநூல்கள் கூறின. 1944இல் வியன்னாவில் ஹன்ஸ் அஸ்பெர்கர் எழுதினார். அதே வியன்னாவில், இயலாமையுடைய குழந்தைகளை நாஜிகள் கொன்றொழித்த அம் ஸ்பீகல்குருண்ட் நிலையத்துக்கு அவர் சில குழந்தைகளை அனுப்பிவைத்தார் என்பது 2018இல் வெளியான ஆவண ஆராய்ச்சிகளால் தெரியவந்தது. 'பயனுள்ளவர்', 'பயனற்றவர்' என்று மனிதரை நிறுக்கும் தராசு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

கானரின் பதினொருவரும் பெரும்பாலும் கற்றோர் வீட்டுக் குழந்தைகள். போல்டிமோர் நகரத்து நிபுணரிடம் வந்து சேர வசதியுள்ளவரே வந்து சேர்ந்தனர். இந்தச் சாதாரண உண்மையை மறந்தோர் அதிலிருந்து ஒரு கோட்பாடே கட்டினர். படித்த தாய்மாரின் நெஞ்சிலே ஈரமில்லாமையே பிள்ளையை இவ்வாறு ஆக்கிற்று என்றனர். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அதைப் பரப்பிற்று. 1964இலேயே பேர்னாட் ரிம்லண்ட் என்பவர், தாமே ஒரு தந்தையாக இருந்து, அதை மறுத்து எழுதியிருந்தும், பழி தாய்மேல் விழுவது நிற்க நெடுநாள் ஆயிற்று. நம் ஊர்களில் அதற்கு நிபுணர் தேவைப்படவில்லை, மாமியார் போதும்.

கானரின் பட்டியலில் முதலாவது குழந்தையான டொனால்ட் டிரிப்ளெட்டின் வாழ்க்கை நம் பொருளுக்கு நேரடியாக உதவுகிறது. மூன்று வயதில் அவரை ஒரு நிலையத்தில் விட்டனர். ஓராண்டு கழித்துப் பெற்றோர் திருப்பி அழைத்துக்கொண்டனர். பின்னர் அவர் மிசிசிப்பி மாநிலத்துப் பொரெஸ்ட் என்னும் சிற்றூரில், தாய்வழிக் குடும்பத்துக்குத் தொடர்புடைய வங்கியில் பல பத்தாண்டுகள் பணியாற்றினார், கார் ஓட்டினார், நாடு நாடாகப் பயணம் செய்தார், 2023இல் தம் எண்பத்தொன்பதாவது வயதில் இறந்தார். ஊர் அவரை ஏற்றுக்கொண்டது என்று பெருமையாகக் கூறுவர். உண்மைதான். ஆனால் வங்கி வைத்திருந்த குடும்பத்தின் பிள்ளையை ஊர் ஏற்பது எளிது. அதே மிசிசிப்பியில், அதே ஆண்டில், பருத்திக் காட்டுக் கூலிக் குடும்பம் ஒன்றில் பிறந்த கறுப்பினச் சிறுவனுக்கு மருத்துவப் பெயர் கிடைத்திருக்குமா, வேலை கிடைத்திருக்குமா? சட்டம் தேவைப்படுவது டொனால்டுக்கு அன்று. அந்த இன்னொரு சிறுவனுக்கே.

ஓட்டிசமுடைய வளர்ந்த மனிதர் ஒருவர் சட்டத்தையே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்ட வழக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. தீர்ப்புகளில் அவர் 'எச்.எல்.' என்றே குறிக்கப்படுகிறார். பேச இயலாதவர். சிறு வயதிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போர்ன்வுட் மருத்துவமனையில் வாழ்ந்துவிட்டு, 1994இல் ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு வந்தார். 1997 யூலையில் ஒருநாள், பகல் நேரப் பராமரிப்பு நிலையத்தில் அவர் கலக்கமுற்றுத் தம்மைத் தாமே அடித்துக்கொள்ள, மீண்டும் அதே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மனநலச் சட்டத்தின்படி எந்த ஆணையும் பிறப்பிக்கப்படவில்லை. ஏனென்றால் அவர் எதிர்க்கவில்லை! வீட்டார் வந்து பார்க்கவும் அனுமதிக்கப்படவில்லை. அவரைப் பார்த்தால் வீட்டுக்குப் போக விரும்புவார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

எதிர்க்காதவர் சம்மதித்தவர் ஆவாரா? 1998இல் பிரபுக்கள் சபை மருத்துவமனையின் பக்கமே தீர்ப்பளித்தது. ஐவரில் மூவர், அவர் தடுத்துவைக்கப்படவேயில்லை என்றனர். 2004 ஒக்டோபர் 5ஆம் நாள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை மாற்றிற்று. அவருடைய சுதந்திரம் பறிக்கப்பட்டது, அதை எதிர்த்து முறையிட அவருக்கு வழியும் இருக்கவில்லை என்று அது கண்டது. அதன்பின் இங்கிலாந்து தன் சட்டத்தைத் திருத்தியது. 2009இல் ஓட்டிசம் பற்றிய தனிச் சட்டம் ஒன்றும் அங்கே பிறந்தது. அது வளர்ந்தோருக்கான சேவைகளைப் பற்றியது என்பது குறிப்பிடத்தக்கது. பேச்சற்ற ஒருவரின் மௌனத்தை மற்றவர் தம் வசதிக்கேற்ப மொழிபெயர்த்துக்கொள்வதைத் தடுப்பதே இவ்வழக்கின் சாரம். நம் வீடுகளில் இந்த மொழிபெயர்ப்பு நாள்தோறும் நடக்கிறது. பெரும்பாலும் அன்பினால் நடக்கிறது என்பதால் அது வழக்காவதில்லை.

இங்கிலாந்து தொலைவில் உள்ளது. தலைமன்னாருக்கு எதிர்க்கரையோ முப்பது கிலோமீற்றர் அளவே. தனுஷ்கோடியை 1964ஆம் ஆண்டுப் புயல் விழுங்கும் வரை, காலையில் கப்பலேறினால் அன்றே அக்கரை சேரலாம். அந்த அக்கரையில் ஓட்டிசம் என்ற சொல் சட்டப் புத்தகத்தில் 1999இலேயே ஏறிவிட்டது. 1995இல் இந்தியா இயற்றிய இயலாமைச் சட்டம் ஏழு வகைகளை எண்ணியது. ஓட்டிசம் அவற்றில் இல்லை. பெற்றோர்களின் இடைவிடாத முயற்சிக்குப் பின், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஓட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, பல்வகை இயலாமை ஆகிய நான்கையும் பெயர் சொல்லி ஏற்றது. அச்சட்டத்தின் இதயம் 'எங்களுக்குப் பின் யார்?' என்ற பெற்றோரின் கேள்வி. அதற்கு அது தந்த விடை பாதுகாவலர். மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு. அதில் தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவரும் இயலாமையுடையவர் ஒருவரும் இருப்பர். பதினெட்டு வயது கடந்தவருக்கு இக்குழு பாதுகாவலரை நியமிக்கும். நீதிமன்றப் படியேறி, வழக்கறிஞருக்குப் பணம் கட்டி, பெற்ற மகனைப் 'பைத்தியம்' என்று தீர்ப்பு வாங்கும் அவலம் இதனால் நீங்கியது. இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் பாதுகாவலர் கையெழுத்திடும் மேசையில் அந்த மகனுக்கு நாற்காலி போடப்படவில்லை.

அந்நாற்காலியைப் போட்டது 2016 டிசெம்பரில் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த உரிமைச் சட்டம். இருபத்தொரு வகை இயலாமைகளில் ஓட்டிசமும் ஒன்றாயிற்று. சொத்தை உடைமையாக வைத்திருக்கவும், அதை ஆளவும், வங்கிக் கடன் பெறவும் மற்றவர்க்கு நிகரான உரிமை உண்டென்று அதன் 13ஆம் பிரிவு கூறுகிறது. 14ஆம் பிரிவு 'வரையறுத்த பாதுகாவல்' என்ற புதுமுறையைத் தருகிறது. குறிப்பிட்ட ஒரு முடிவுக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு, அவருடைய விருப்பத்தை ஒட்டி, இருவரும் சேர்ந்தே முடிவெடுப்பது அது. அரசுப் பணியில் நான்கு விழுக்காட்டு ஒதுக்கீட்டிலும், ஓட்டிசம் உள்ளிட்ட ஒரு தொகுதிக்கு ஒரு விழுக்காடு பிரித்துவைக்கப்பட்டது. 1999இன் பாதுகாவலரும் 2016இன் துணையும் அருகருகே நிற்கும் முரண்பாடு மட்டும் தீரவில்லை.

இன்னொன்றையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. உரிமை பெறச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு எண் வேண்டும். ஓட்டிசத்தை அளக்க 2009இல் இந்தியா ஓர் அளவுகோலை வகுத்தது. நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து புள்ளி. எழுபதுக்குக் கீழே வந்தவர் ஓட்டிசமுடையவராகக் கொள்ளப்படமாட்டார். பெரும்பாலான சலுகைகளுக்கு நாற்பது விழுக்காட்டு இயலாமை வேண்டும். சந்தையின் இரைச்சலை விழுக்காட்டில் அளப்பது எப்படி? தம் வாழ்நாள் முழுவதும் மற்றவரைப் போல நடிக்கக் கற்றுக்கொண்ட ஒரு பெண் அந்த அறைக்குள் வந்து அரைமணி நேரம் நன்றாகவே நடித்துவிட்டால், அத்திறமையே அவருக்கு எதிரான சாட்சியாகும்.

இக்கரைக்கு மீள்வோம். இலங்கை 1988இலேயே அரசுச் சுற்றறிக்கை ஒன்றின் மூலம் தகுதியுடைய இயலாமையுள்ளோருக்கு மூன்று விழுக்காட்டு வேலைகளை ஒதுக்கியது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலையிலும் கல்வியிலும் பாகுபாடு காட்டலாகாது என்றது. நல்ல சட்டம். ஆனால் இயலாமையுடையவர் யார் என்பதற்கு அது தந்த வரைவிலக்கணம் கவனத்துக்குரியது. உடலிலோ உள்ளத்திலோ உள்ள குறைபாட்டால் தம் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தாமே நிறைவேற்றிக்கொள்ள முடியாதவர் என்பது அதன் பொருள். ஓட்டிசம் பெயர் சொல்லப்படவில்லை. இயலாமை, சமூகத்தின் தடைகளில் அன்றி மனிதரின் குறையிலேயே வைக்கப்பட்டது.

இதன் விளைவை ஒரே அலுவலகத்தின் இரண்டு மேசைகளில் காணலாம். உதவிப்பணத்துக்கான மேசையின் முன் உம்மா, தம் மகனால் எதுவும் இயலாது என்று நிறுவ வேண்டும். காணிக்கான மேசையின் முன் அதே மகனால் எல்லாம் இயலும் என்று நிறுவ வேண்டும். முதல் மேசையில் வென்றால் இரண்டாம் மேசையில் தோற்பார். மனிதர் ஒருவரே, சட்டம் அவரிடம் கேட்பதோ இரண்டு பொய்கள்.

இரு பொய்களையும் நீக்க வல்ல ஓர் ஆவணம் உலகில் உண்டு. 2006 டிசெம்பர் 13ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற இயலாமையுடையோர் உரிமைச் சமவாயம் அது. அதன் 12ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் தாமே முடிவெடுக்கும் தகுதி எல்லோருக்கும் உண்டு, அதைப் பயன்படுத்த வேண்டிய துணையை அரசே வழங்க வேண்டும் என்கிறது. உதவி தேவைப்படுவது உரிமையை இழப்பதற்குக் காரணமாகாது. இரண்டு அறைகளுக்கும் இடையே கட்டப்பட்ட திண்ணை இதுவே எனலாம். இலங்கை 2007 மார்ச் 30இல் ஒப்பமிட்டது. அதை உறுதிப்படுத்தியதோ 2016 பெப்ரவரியில்.

அந்த ஒன்பது ஆண்டு இடைவெளியில் மன்னாரில் என்ன நடந்தது என்பதை ஒரு கணம் நினைவுகூர வேண்டும். 2008 ஏப்ரல் 2ஆம் நாள் உலகம் முதன்முறையாக ஓட்டிச விழிப்புணர்வு நாளைக் கொண்டாடியது. அதே வாரத்தில், ஷெல் வீச்சுக்கு அஞ்சி மடுமாதாவின் சொரூபம் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டது. 2008 மே 3ஆம் நாள் சமவாயம் நடைமுறைக்கு வந்தது. மே 9ஆம் நாள் அடம்பன் இராணுவத்திடம் வீழ்ந்தது. போர்க்காலத்தில் இயலாமையுடையோரைக் காக்க வேண்டும் என்று அச்சமவாயத்தின் 11ஆம் உறுப்புரை கூறுகிறது. மாந்தைப் பகுதி மக்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் பாயும் பானையுமாகக் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்த நாள்கள் அவை. இரைச்சலைத் தாங்காத, பழகிய பாதையன்றி வேறு பாதையில் கால் வைக்காத ஒரு பிள்ளையைப் பதுங்குகுழிக்குள் அமர்த்தி வைத்த தாய்மாரின் வரலாற்றை யார் எழுதுவார்?

எண்ணிக்கையிலும் இவர்கள் மறைந்தே நிற்கின்றனர். 2012ஆம் ஆண்டுக் குடித்தொகை மதிப்பீடு, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 பேருக்கு ஏதோவோர் இயலாமை உண்டெனக் கண்டது. பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல், தன்னைப் பேணுதல், தொடர்பாடல் என்ற ஆறு வினாக்களால் அது அளந்தது. 2009இல் வெளியான ஓர் ஆய்வு, கொழும்பை அண்டிய பகுதியொன்றின் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் தொண்ணூற்று மூவருக்கு ஒருவர் ஓட்டிசமுடையவர் எனக் கணித்தது. குழந்தைகள் வளர்வார்கள். ஆசிரியர்களான நம் வாசகர்கள், வகுப்பில் சுண்ணக்கட்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மாணவனை நினைவில் வைத்திருக்கக் கூடும். பதிவேட்டிலிருந்து அவன் பெயர் வெட்டப்பட்ட பிறகு அவன் என்னவானான்?

இனிப் பெரியமடு வீட்டின் தாளை விரித்துப் பார்ப்போம். அரச காணி அனுமதிப்பத்திரங்களை ஆள்வது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். இதில் ஒரு வியப்பு இருக்கிறது. பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாமல் உரிமையாளர் இறந்தால், உறவினர் வரிசைப்படி உரிமை செல்லும். பழைய வரிசையில் பெண்களுக்கு முன் ஆண்கள் நின்றனர். 2022ஆம் ஆண்டின் திருத்தம் அப்பாகுபாட்டை நீக்கியது. மூத்தவருக்கு முன்னுரிமை என்பது நிலைத்தது. நம் வீட்டில் மூத்தவர் அவரே. ஆக, எந்த உரிமைச் சட்டமும் தராத ஓரிடத்தை, நெல்லை மட்டும் நினைத்து எழுதப்பட்ட ஒரு காலனித்துவச் சட்டம் அவருக்குத் தந்துவிடுகிறது. பிறகு அதை அனுபவிக்கும் வழியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அவருடைய கையெழுத்துக்குத் துணை நிற்க ஒருவரை நியமிக்க வேண்டுமென்றால், உறவினர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று நிறுவ வேண்டும். நிறுவியவுடன் காணியோடு வாக்கும் கைமாறிப் போகும்.

உம்மா தம் வாழ்நாளிலேயே அவரைப் பின்னுரித்தாளராகப் பதிவு செய்யலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் உரிமையாளர் இறந்து ஆறு மாதத்துக்குள் பின்னுரித்தாளர் காணியின் ஆட்சியை ஏற்காவிடில் உரிமை தவறிவிடும். ஆட்சியை ஏற்றல் என்பது என்ன? அலுவலகத்துக்கு வந்து, கேட்ட கேள்விக்கு விடை கூறி, கோட்டின் மேல் ஒப்பமிடுவதா? அல்லது, ஒவ்வொரு நாளும் விடியலில் எழுந்து, குளக்கட்டில் ஒரே பாதையால் நடந்து, அதே வேலிப் படலையைத் திறந்து, ஆட்டுக்குத் தண்ணீர் வைப்பதா? இரண்டாவதைத்தான் கேட்பார்களாயின், அவர் அந்தக் காணியின் ஆட்சியை ஒருநாளும் கைவிட்டதில்லை.